எருக்கு: செட்டிநாட்டு வறள்நிலத்தின் பால்செடி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டுக் கண்மாய்க் கரைகளிலும் பொட்டல்களிலும் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளரும் எருக்கைப் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. இச்செடியைக் களை என்று ஒதுக்குவது பெரும்பிழை என்பதே இதை எழுதுபவரின் உறுதியான கருத்து. அதற்கான காரணங்கள் விடைகளில் விரிவாக உள்ளன.

பாலைவனத்தில் வளரும் பால்செடிகளுக்கும் நம் ஊர் எருக்குக்கும் என்ன உறவு?

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அரளி, நித்தியகல்யாணி, நன்னாரி ஆகியவற்றை உள்ளடக்கிய அப்போசைனேசியே குடும்பத்தில் பால் வடியும் செடிகளின் பெரிய கிளை ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் பரந்துள்ள சோனோரப் பாலைவனத்தில் வளரும் அஸ்கிலேபியஸ் சுபுலேட்டா அக்கிளையைச் சேர்ந்தது. ஆண்டின் பெரும்பகுதியில் இலையே இல்லாமல் வெறும் குச்சிகளாக நிற்கும் அச்செடி, பச்சைத் தண்டுகளாலேயே உணவு தயாரித்துக்கொள்கிறது. சகாரா, அரேபியா, ராஜஸ்தான் ஆகிய பகுதிகளின் மணற்பரப்பில் வளர்வது கலோட்ரோபிஸ் புரோசெரா. நம் கண்மாய்க் கரையில் நிற்பது பெரும்பாலும் அதன் உடன்பிறப்பான கலோட்ரோபிஸ் ஜைகான்டியா. மூன்றும் வெவ்வேறு இனங்கள் என்றாலும் பூவின் அமைப்பு, நஞ்சுள்ள பால், பட்டுப்போன்ற விதைப்பஞ்சு, தம்மை நம்பி வாழும் பட்டாம்பூச்சிகள் ஆகிய நான்கிலும் ஒத்திருக்கின்றன.

வெள்ளெருக்கு தனி இனமா?

இல்லை. நம் பகுதியில் ஊதா நிறத்தில் பூக்கும் எருக்கும், முழு வெள்ளையாகப் பூக்கும் வெள்ளெருக்கும் ஒரே இனத்தின் இரு நிற வகைகளே. கலோட்ரோபிஸ் புரோசெராவை இவற்றிலிருந்து எளிதில் பிரித்தறியலாம். அதன் பூ சற்றுச் சிறியது. வெள்ளை இதழ்களின் நுனியில் மட்டும் கருஞ்சிவப்பு தீட்டியிருக்கும். இதழ்கள் கிண்ணம்போல் நிமிர்ந்து நிற்கும். நம் எருக்கின் இதழ்கள் விரிந்து, பின்னோக்கி வளைந்து, நடுவிலுள்ள மகுடத்தை முழுதாகக் காட்டும்.

கோடையில் எல்லாம் கருகும்போது எருக்கு மட்டும் எப்படிப் பசுமையாக இருக்கிறது?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தின் நிலம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்தது. மழையில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து முடிந்துவிடும். அதன்பின் அடுத்த மழை வரையுள்ள நீண்ட வறட்சியைத் தாங்க எருக்கிடம் சில ஏற்பாடுகள் உள்ளன. அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கி, மேல்மண் காய்ந்த பிறகும் அடியிலுள்ள ஈரத்தைத் தேடிப் பிடிக்கிறது. தடித்த இலையை விரலால் தேய்த்துப் பார்த்தால் வெண்மாவு போன்ற ஒரு பூச்சு கையில் ஒட்டும். மெழுகும் நுண்ணிய பஞ்சுமயிரும் சேர்ந்த அப்பூச்சு வெயிலைத் திருப்பியடித்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. ஆடுமாடுகள் பொதுவாக அதைத் தொடுவதில்லை என்பதால், மேய்ச்சல் மிகுந்த பொட்டலிலும் இலை மிஞ்சுகிறது.

ஆண்டு முழுவதும் பூப்பது இதன் இன்னொரு சிறப்பு. பங்குனி, சித்திரையில் தேன் தரும் பூக்கள் அருகிப்போகும் காலத்திலும் எருக்கில் பூங்கொத்து இருக்கும் என்பதே, வறள்நிலத்தின் பூச்சிகளுக்கு அது இன்றியமையாததாக இருப்பதன் முதற்காரணம்.

எருக்கம்பூவில் மகரந்தப் பொடியே காணவில்லையே, காய் எப்படிப் பிடிக்கிறது?

தாவர உலகின் நுட்பமான அமைப்புகளில் ஒன்றைப் பற்றிய கேள்வி இது. பூவைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஐந்து மடல்கள் கொண்ட மகுடமும், அதன் உச்சியில் ஐங்கோண வடிவில் தட்டையான ஒரு மேடையும் தெரியும். மேடையின் ஐந்து மூலைகளிலும் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளி ஒன்று இருக்கும். அந்தப் புள்ளியை ஊசிமுனையால் மெல்ல நிமிண்டி மேலே தூக்கினால், அதன் இருபுறமும் தொங்கும் இரண்டு மஞ்சள் பைகள் வெளியே வரும். எருக்கின் மகரந்தம் முழுவதும் பொடியாக உதிராமல் இந்த மெழுகுப் பைகளுக்குள் திரண்டிருக்கிறது. கரும்புள்ளி ஒரு கவ்வி. அதற்குக் கீழே ஒரு குறுகிய பிளவு உண்டு. தேன் குடிக்க வந்த பூச்சியின் கால் அப்பிளவுக்குள் வழுக்கி விழுந்து, மேலே இழுக்கும்போது கவ்வியில் மாட்டிக்கொள்ளும். பூச்சி பலங்கொண்டு இழுத்தால் இரண்டு பைகளும் காலோடு வந்துவிடும். அடுத்த பூவில் அதே கால் மறுபடி பிளவுக்குள் சறுக்கும்போது ஒரு பை உள்ளே சிக்கிக்கொண்டால்தான் அந்தப் பூ சூலுறும்.

சிறிய பூச்சிகளால் இதைச் செய்ய முடியாது. சில வேளைகளில் அவை கால் மாட்டி, பூவிலேயே இறந்தும் போகின்றன. இதற்குப் போதிய உடல்வலிமை உள்ளது, நாம் கருவண்டு என்று சொல்லும் தச்சுத் தேனீ. காய்ந்த மூங்கிலிலும் பழைய மரச்சட்டங்களிலும் துளையிட்டுக் கூடு கட்டும் இந்தப் பெரிய கரிய தேனீயே எருக்கின் முதன்மையான மகரந்தத் தூதர். அதே தேனீ முருங்கைப் பூவிற்கும் துவரைப் பூவிற்கும் செல்கிறது. முருங்கையும் துவரையும் பூக்காத மாதங்களிலும் அத்தேனீக்களை ஊரில் தங்கவைப்பது எருக்குப் போன்ற செடிகள்தாம். கண்மாய்க் கரையிலுள்ள எருக்குக்கும் கொல்லையிலுள்ள முருங்கையின் காய்ப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்பதைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு கடினமான ஏற்பாடு என்பதால், பூக்கும் பூக்களில் மிகச் சிறு பங்கே காயாகிறது. ஒரு செடியில் கொத்துக்கொத்தாகப் பூத்தும் காய் சிலவே இருப்பதைக் கண்டு அதை நோய் என்று எண்ண வேண்டியதில்லை.

எருக்கம்பால் நஞ்சு என்றால், புழுக்கள் அந்த இலையைத் தின்று எப்படி உயிரோடு இருக்கின்றன?

பாலில் கலோட்ரோபின், உஷாரின் முதலான கார்டினோலைடுகள் உள்ளன. இவை இதயத்தைத் தாக்கும் நஞ்சுகள். உயிரணுக்களின் உறையில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் ஒரு புரதம் உண்டு. நரம்பும் தசையும் இயங்க அது தடையின்றி வேலை செய்தாக வேண்டும். கார்டினோலைடு அப்புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடுகிறது. பால்செடிகளையே உண்டு வாழும் பல பூச்சிகளில் இந்தப் புரதத்தின் அமைப்பு சிறிதே மாறியிருப்பதால், நஞ்சு அதில் சரியாக ஒட்டுவதில்லை.

எருக்கை நம்பி வாழும் பூச்சிகளில் நாம் எளிதில் காணக்கூடியது வெந்தய வரியன் பட்டாம்பூச்சி. மஞ்சள் கலந்த செம்பழுப்புச் சிறகும், நுனியில் கறுப்பும் அதில் வெண்புள்ளிகளும் கொண்டது. பெண் பூச்சி இலையின் அடிப்புறத்தில் ஓரிடத்தில் ஒரு முட்டை என்று தனித்தனியே இடும். பொரிந்த புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்றுவிட்டு இலைக்கு வரும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும், முதுகில் கொம்பு போன்ற மூன்று இணைக் கருந்தந்துகளும் கொண்ட இப்புழு, இலையைத் தின்னும் முன் நரம்பைக் கடித்து அறுத்துவிடும். பால் அங்கேயே வடிந்து போக, அதற்கப்பால் உள்ள பகுதியைத் தின்னும். ஏனெனில் நஞ்சைத் தாங்கினாலும், பாலின் பிசின் வாயை ஒட்டிவிடும் ஆபத்து சிறு புழுவுக்கு உண்டு. பின்னர் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தொங்கும் கூட்டுப்புழுவாகி, நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் சிறகு விரித்துப் பறக்கிறது.

புழு உண்ட நஞ்சின் ஒரு பகுதி வளர்ந்த பட்டாம்பூச்சியின் உடலிலும் தங்கிவிடுகிறது. இதன் பயனை முதலில் தெளிவாக மெய்ப்பித்தவர்களில் அமெரிக்க ஆய்வாளர் லிங்கன் பிரௌவர் குறிப்பிடத்தக்கவர். 1960களில், பால்செடி தின்று வளர்ந்த மொனார்க் பட்டாம்பூச்சிகளை நீல ஜே என்னும் பறவைகளுக்கு அவர் கொடுத்தார். தின்ற பறவைகள் வாந்தி எடுத்தன. அதன்பின் அந்த நிறமுள்ள பட்டாம்பூச்சியைத் தொட மறுத்தன. மொனார்க்கும் வெந்தய வரியனும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. வெந்தய வரியன் அவசரமின்றித் தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பதற்கு இந்தப் பாதுகாப்பே காரணம்.

இதில் ஆண் பூச்சிக்கு எருக்கு மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளின் காய்ந்த பகுதிகளிலிருந்து சில வேதிப்பொருள்களை உறிஞ்சியே அது பெண்ணைக் கவரும் மணத்தை உருவாக்கிக்கொள்கிறது. எருக்கைக் காப்பாற்றிவிட்டு அதைச் சுற்றியுள்ள பொட்டலைத் துப்புரவாக்கினால் பாதிப் பணியே நடந்திருக்கும்.

வெந்தய வரியனைப் போலவே இருந்தும் எருக்குக்கு வராத ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்தேன். அது என்ன?

ஹைபோலிம்னஸ் மிசிப்பஸ் என்னும் இனத்தின் பெண்ணாக இருக்கலாம். அதன் உடலில் கார்டினோலைடு கிடையாது. பருப்புக்கீரை போன்ற செடிகளில் வளர்வது. வெந்தய வரியனின் தோற்றத்தை அப்படியே ஏற்றிருப்பதால் பறவைகள் அதையும் விட்டுவிடுகின்றன. ஆண் பூச்சி முற்றிலும் வேறு தோற்றம் கொண்டது: கருஞ்சிறகில் பெரிய வெண்பொட்டுகள். எருக்கின் நஞ்சு தன்னைத் தொடாத ஓர் உயிரினத்தையும் காக்கிறது என்பது வியப்புக்குரியது.

எருக்கை நம்பி வேறு எவை வாழ்கின்றன?

ஒரு செடியின் அருகில் சற்று நேரம் பொறுமையாக நின்றால் பலவற்றைக் காணலாம். மஞ்சள் உடலில் நீலப் பட்டைகள் கொண்ட எருக்கு வெட்டுக்கிளி இலைகளை ஓட்டை ஓட்டையாகத் தின்றுகொண்டிருக்கும். அதன் குஞ்சைப் பிடித்து அழுத்தினால் முதுகிலிருந்து நஞ்சுள்ள நீரைப் பீய்ச்சும் என்பதால் குழந்தைகளை எச்சரிக்க வேண்டும். இளந்தண்டிலும் மொட்டுக் காம்பிலும் மஞ்சள் அசுவினிகள் அப்பியிருக்கும். அவற்றின் இனிப்புக் கழிவுக்கு எறும்புகளும், அவற்றையே உண்ணப் பொறிவண்டுகளும் வரும். காய்க்குள் ஒரு வகைப் பழ ஈயின் புழுவும், ஒரு வகைக் கூன்வண்டின் புழுவும் வளரும். செம்மையும் கறுப்பும் கலந்த நாவாய்ப்பூச்சிகள் விதையைத் துளைத்து உறிஞ்சும். தேன்சிட்டுகள் பூந்தேனுக்கு வரும்.

இவ்வளவு உயிர்கள் தின்றும் எருக்கு அழிந்துவிடுவதில்லை. அதன் விதையையும் இலையையும் தின்பவை இருப்பதால்தான் இங்கே அது அளவோடு நிற்கிறது. இதே இனக்குழுவைச் சேர்ந்த கலோட்ரோபிஸ் புரோசெரா, ஆஸ்திரேலியாவின் வடபகுதிக்கும் பிரேசிலுக்கும் கொண்டுசெல்லப்பட்டபின் மேய்ச்சல் நிலங்களில் பரவிப் பெருந்தொல்லையாகிவிட்டது.

காற்றில் பறக்கும் எருக்கம்பஞ்சால் பயன் உண்டா?

உண்டு. காய் வெடிக்கும்போது தட்டையான ஒவ்வொரு விதையும் தன் பட்டுக்குஞ்சத்தோடு காற்றில் ஏறி, தாய்ச்செடியிலிருந்து வெகுதூரம் செல்கிறது. பஞ்சு கிடைக்கும் காலத்தில் தேன்சிட்டு, தையல்சிட்டு போன்ற சிறு பறவைகள் இத்தகைய மென்பஞ்சைக் கூட்டுக்குள் மெத்தையாக இடுகின்றன. மனிதர்களும் முற்காலத்தில் தலையணைக்குப் பயன்படுத்தினார்கள். தண்டின் நார் மிக உறுதியானது என்பதால் தூண்டில் கயிறும் வில்நாணும் அதிலிருந்து திரித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜாவாத் தீவிலிருந்து இலவம்பஞ்சு வருவது நின்றுபோனதால், அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு அங்குள்ள பால்செடியின் பஞ்சைச் சேகரித்து, கடற்படையினருக்கான உயிர்காப்பு உடைகளில் நிரப்பினார்கள்.

மொனார்க் பட்டாம்பூச்சி செட்டிநாட்டுக்கு வருமா?

வராது. அது அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. ஆனால் எருக்கு மொனார்க்கிடம் சென்றிருக்கிறது: ஹவாய்த் தீவுகளுக்கு அழகுச்செடியாகக் கொண்டுசெல்லப்பட்ட நம் எருக்கின் இலையைத் தின்று அங்கே மொனார்க் புழுக்கள் வளர்கின்றன. அத்தீவின் அரசி லிலியோகலானி விரும்பிய மலர் அது. இன்றும் அங்கே எருக்கம்பூவை மாலையாகத் தொடுத்து அணிகிறார்கள்.

பிள்ளையாருக்கு எருக்கம்பூ சார்த்துவது செடிக்குக் கேடாகுமா?

ஆகாது. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியிலும் ஊர்தோறும் உள்ள பிள்ளையார் கோயில்களிலும் எருக்கம்பூ மாலை சார்த்துகிறார்கள்; ரதசப்தமியன்று எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடுகிறார்கள். இவ்வழக்கத்தின் வேர் ஆழமானது. சிங்கம்புணரிக்கு அருகிலுள்ள பிரான்மலையே பழைய பறம்புமலை என்பர். அம்மலையின் தலைவன் பாரியின் கொடையைப் புகழும் சங்கப் பாட்டொன்று, புல்லிய எருக்கம்பூவாயினும் அன்போடு தருவதைத் தெய்வம் வேண்டாமென்று தள்ளாது என்கிறது. பூவைக் கொய்வதால் எருக்குக்குப் பெரிய இழப்பில்லை. கொத்துகள் மறுபடி வரும். கவலைக்குரியது வெள்ளெருக்கின் வேரில் பிள்ளையார் செய்வதற்காகச் செடியையே அகழ்ந்தெடுப்பது. ஆண்டுக்கணக்கில் வளர்ந்த வேர் ஒரே நாளில் போய்விடுகிறது. பக்திக்கு மாலையே போதும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

பால் கண்ணில் பட்டால் என்ன செய்வது?

உடனே சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பல வேளைகளில் வலி பெரிதாக இருப்பதில்லை. பார்வை மட்டும் பனிமூட்டம்போல் மங்கும். வலியில்லை என்பதால் தள்ளிப்போடுவதே ஆபத்து. கருவிழியின் உட்படலம் பாதிக்கப்பட்டிருக்கலாம். மாலை கட்டுபவர்களும், மொட்டை நசுக்கி வெடிக்கவைத்து விளையாடும் குழந்தைகளும் கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

மூட்டுவலிக்கும் பிறவற்றுக்கும் மருந்தாகப் பயன்படுத்தலாமா?

இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பது பழைய வழக்கம். உள்ளுக்குச் சாப்பிடுவதைத் தாமாகச் செய்யவே கூடாது. சித்த மருத்துவத்தில் எருக்கு சேரும் மருந்துகள் முறையாகச் சுத்தி செய்யப்பட்டவை. அவை தகுதிபெற்ற மருத்துவரின் கையிலிருந்தே வர வேண்டும்.

வயல் ஓரத்தில் எருக்கு இருந்தால் பயிருக்குக் கேடில்லையா?

பெருங்கேடு எதுவுமில்லை, பயன் உண்டு. நெல் நடவுக்கு முன் எருக்கந்தழையை வெட்டிச் சேற்றில் மிதித்து உரமாக்குவது நம் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்ததே. ஆடுமாடு தின்னாத இலைகளாகப் பார்த்து வேம்பு, நொச்சி, ஆடாதொடை ஆகியவற்றோடு எருக்கையும் ஊறவைத்துப் பூச்சிவிரட்டிக் கரைசல் தயாரிக்கிறார்கள். எருக்கை உண்ணும் பூச்சிகளில் பெரும்பாலானவை பால்செடிகளை விட்டு நெல்லுக்கு வருவதில்லை.

கண்மாய்க் கரையைச் சுத்தம் செய்யும்போது எருக்கை வெட்டுகிறார்கள். தடுக்க வேண்டுமா?

சீமைக்கருவேலை அகற்றுவது தேவையான பணி. ஆனால் பொக்லைன் இயந்திரம் வந்தால் கருவேலோடு எருக்கு, ஆவாரை, நொச்சி, அவற்றில் படர்ந்திருக்கும் வேலிப்பருத்தி, குறிஞ்சான் எல்லாம் ஒன்றாக வழித்தெறியப்படுகின்றன. நன்னாரி, வேலிப்பருத்தி, குறிஞ்சான் ஆகியவையும் எருக்கின் உறவினங்களே. நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலான பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு அவை உணவு. பணியைத் தொடங்கும் முன் ஊராட்சியினர் இயந்திரம் ஓட்டுபவருக்கு எவற்றை விட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாலே பாதி காப்பாற்றப்படும்.

எருக்கை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வேரோடு பறிக்காமல், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டலாம். அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்விடும். அந்த இளந்தளிரில் முட்டையிட வெந்தய வரியன் நாடி வரும். ஒரே நேரத்தில் முழுவதையும் வெட்டாமல், ஒரு பக்கத்தை விட்டு அடுத்த பக்கத்தை வெட்டினால் புழுக்களுக்கு உணவு அற்றுப்போகாது. களைக்கொல்லி தெளிப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்கக் கூடாது. நீர்நிலையின் கரையில் தெளித்த நஞ்சு மழையோடு நீருக்கே வந்து சேரும்.

நர்சரியில் பட்டாம்பூச்சிச் செடி என்று சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் ஒன்றை விற்கிறார்கள். எருக்குக்குப் பதில் அதை வைக்கலாமா?

அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த அஸ்கிலேபியஸ் குராசாவிகா. வெந்தய வரியன் அதிலும் முட்டையிடும். ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். நர்சரிச் செடியில் பூச்சிமருந்து மிச்சமிருந்தால் புழுக்கள் இறந்துவிடும். இந்த மண்ணுக்கே உரிய எருக்கு இருக்கையில் வேறொன்றைத் தேட வேண்டிய தேவையில்லை.

வீட்டில் வளர்க்க விரும்புகிறேன். எப்படி?

வெடிக்கும் நிலையிலுள்ள காயைப் பறித்து, பஞ்சை நீக்கி, விதையைச் செம்மண்ணும் மணலும் கலந்த பையில் மேலாக ஊன்றுங்கள். முளைக்கும்வரை மட்டும் லேசாக ஈரம் காட்டினால் போதும்; நீர் தேங்கினால் அழுகிவிடும். முற்றிய தண்டுக் குச்சியை வெட்டி, பால் காய்ந்தபின் நட்டாலும் பிடிக்கும். வேர் ஆழமாக இறங்கும் என்பதால் நாற்றைச் சிறிதாக இருக்கும்போதே நிலத்தில் மாற்றிவிடுவது நல்லது. வளர்ந்த செடியைப் பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நாள் முழுவதும் வெயில் விழும் இடமாக, சுவரிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் முற்றத்திலிருந்தும் தள்ளி, பின்கட்டுத் தோட்டத்தின் ஓரத்தில் வையுங்கள். அசுவினி வந்தால் மருந்து தெளிக்காதீர்கள். பொறிவண்டுகள் வரச் சில நாள்கள் பொறுங்கள். இலைகள் கடிபட்டு ஓட்டையானால் முதலில் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மூன்று இணைக் கருந்தந்துகளோடு பட்டை போட்ட புழு இருந்தால், செடி வைத்த நோக்கம் நிறைவேறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.